பெட்டி வாங்கு மோனை, நல்லாய் வாங்கு

எட மோனை, நீ பெட்டி வாங்கப்போறாயெண்டு கொம்மா வந்து சொல்லிப்போட்டுப் போறா. மிடி கொன்ட்றோலராம். அரக்கிற எட்டுப் பேடர், திருகிற எட்டு நொப், கீழை அறுபத்துநாலு பட்டன், இருட்டிலை மினுங்குமாம். வாங்கு. ஆர் வேண்டாமெண்டது? அச்சுவேலிச் சந்தையிலை வெங்காயம் என்ன விலை போகுதெண்டு கொப்பருக்குத் தெரியும். அந்தப் பெட்டி என்ன விலையெண்டு உனக்குத் தெரியும். ஒரு வீட்டுக்குள்ளை இருந்தும் ரண்டு பேரும் இன்னும் ஒருத்தருக்கொருத்தர் விலை சொல்லேல்லை. அது குடும்பத்துக்கு நல்லது.

வாங்கிறதைப் பெரிசாயே வாங்கு. எட்டுப் பேடர் என்னத்துக்குக் காணும்? பதினாறாய் எடு. உன்ரை பாட்டிலை ஒரு டிரம், ஒரு கீபோட், பிறகு உன்ரை தொண்டை. மிச்சப் பதின்மூண்டு பேடரிலையும் தங்கச்சி காப்பு, மாலை கொழுவட்டும்.

சிரிக்காதை. நான் திருவிழாவுக்கு லவுட்ஸ்பீக்கர் கட்டித் திரிஞ்சவன். என்ரை அம்பிளிபயரிலை ஐஞ்சு நொப். மூண்டு மைக்குக்கு மூண்டு, பேஸ் ஒண்டு, ட்ரெபிள் ஒண்டு. அந்த ஐஞ்சோடை நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். காத்துத் திரும்பினால் வல்லை வெளி தாண்டியும் கேக்கும். அங்காலை இருந்து ஏச்சும் வரும். அதாலை, நொப்பைப் பற்றிக் கதைக்க எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்கு.

முதலிலை ஒண்டு விளங்கிக்கொள். உந்தப் பெட்டிக்குள்ளை பாட்டு இல்லை. நீ நொப்பைத் திருகினால், அது வயர் வழியாய் லப்டொப்புக்கு ஒரு இலக்கம் அனுப்பும். 0 இலை தொடங்கி 127 வரைக்கும், மொத்தம் 128 படி. “இந்த நொப் இப்ப 64 இலை நிக்குது” எண்டு சொல்லிப்போட்டு வாயை மூடிக்கொள்ளும். அந்த 64 குரலின்ரை சத்தமோ, எதிரொலியோ, பேஸோ எண்டு தீர்மானிக்கிறது சொஃப்ட்வெயார். சொஃப்ட்வெயாருக்கு அதைச் சொல்லிக்குடுக்கிறது நீ. உனக்குச் சொல்லிக்குடுக்கத்தான் ஆளைக் காணேல்லை.

அந்த மிடிப் பாஷை உனக்கு மூத்தது. 1983 தை மாதம், அமெரிக்காவிலை ஒரு வாத்தியக் கண்காட்சி. டேவ் ஸ்மித் நடத்தின கொம்பனியின்ரை ப்ரொஃபெட்-600 ஐயும், யப்பான்காரன் ரோலண்டின்ரை ஜூப்பிட்டர்-6 ஐயும் ஒரு வயராலை தொடுத்து, ஒண்டை வாசிக்க மற்றது பாடினது. ரண்டும் சந்தையிலை ஒண்டையொண்டு விழுத்தப் பாத்த கொம்பனியள். கதியாலை ஒரு சாண் அரக்கி நட்டதுக்குக் கோடேறிற சனம் நாங்கள். அவங்கள் ஒரே பாஷை பேசுவமெண்டு கைகுடுத்தாங்கள். ஸ்மித்துக்கும், ரோலண்டைத் தொடக்கின இக்குத்தாரோ ககெஹாஷிக்கும் 2013 இலை கிராமிக்காரர் தொழில்நுட்ப விருது குடுத்தவை. 1983 எண்டால் எங்களுக்கு ஆடிக் கலவரந்தான் நினைவு வரும். அதை இப்ப விடு.

2020 இலை மிடி 2.0 எண்டு ஒண்டு வந்து, அந்த 128 படியை எண்ணி முடிக்க ஏலாத அளவுக்குக் கூட்டியிருக்கிறாங்கள். கடையிலை கிடக்கிற சின்னப் பெட்டியளிலை கனக்க இன்னும் பழைய 128 ஓடைதான் காலம் தள்ளுதுகள். சத்தம் கூட்டிக் குறைக்க அது தாராளம். சத்தத்தை வடிக்கிற ஃபில்டரை ஆறுதலாய்த் திருகேக்கைதான், வழுக்கிப் போகவேண்டிய சத்தம் படிபடியாய் இறங்கிறது கேக்கும். உனக்கு அந்தப் படி கேக்கிற அளவுக்குக் காது வந்திட்டுதெண்டால் ஓடி வந்து சொல்லு. காசு நானே தாறன்.

“அப்பிடியெண்டால் பெட்டி எதுக்கு அப்பு, மவுஸ் காணுமே?” எண்டு நீ கேக்கமாட்டாய், தெரியும். நானே சொல்லுறன். மவுஸ் ஒரு நேரத்திலை ஒண்டைத்தான் பிடிக்கும். பல்லவி முடிஞ்சு சரணம் எடுக்கிற இடத்திலை குரலைக் கொஞ்சம் ஏத்தவேணும், டிரம்மைக் கொஞ்சம் இறக்கவேணும், ரண்டும் ஒரே மூச்சிலை நடக்கவேணும். அதுக்கு ரண்டு கை வேணும், கைக்கொரு பேடர் வேணும். நீ அரக்கின அரக்கலைச் சொஃப்ட்வெயார் அப்பிடியே எழுதி வைச்சு, அடுத்த முறை தானே செய்து காட்டும். ஓட்டோமேசன் எண்டு நீங்கள் சொல்லுறது அதைத்தானே? கை நடுங்கினால் நடுக்கத்தையும் எழுதி வைக்கும். அந்த நடுக்கத்திலையும் ஒரு உயிர் இருக்கு.

அதைவிடப் பெரிய காரணம் கண். நீ பாட்டுச் செய்யிறதை நான் பின்னாலை நிண்டு பாத்தனான். ஸ்க்ரீனிலை அலை குண்டாய் இருந்தால் சந்தோசப்படுறாய், மெலிஞ்சு இருந்தால் சத்தத்தைக் கூட்டிறாய். கோடு நேராய் இல்லையெண்டு இழுத்து நிமித்திறாய். பாட்டுக்குச் சாதகம் பாக்கிறியோ? அளவெட்டியிலை இருந்த தவில் தட்சணாமூர்த்தி 1975 இலை போயிட்டார். அவற்றை ஒலிப்பதிவுகள் இருக்கு, கேட்டுப்பார். எந்தத் தவில்காரன் குனிஞ்சு தோலைப் பாத்து அடிக்கிறவன்? கைக்கு இடம் தெரியும், கண் நாதஸ்வரக்காரனிலை, காது எல்லாத்திலையும். நானும் அப்பிடித்தான். மேடைக்கு வாற பெரியமனுசர் மைக்கைத் தட்டிப் பாக்க முதலே என்ரை கை மூண்டாவது நொப்பைக் குறைச்சுப்போடும். அவர் தட்டுவார், ஒண்டும் கேளாது, என்னைப் பாப்பார். நான் வானத்தைப் பாப்பன்.

உந்தப் பெட்டிக்குக் காசு குடுக்கிறதெண்டால் அதுக்காகக் குடு. கை தானாய்ப் போய் இடத்தைப் பிடிக்கவேணும். கண் சும்மா இருக்கவேணும்.

கொன்ட்றோலர் எங்களுக்கும் புதுசில்லை. 1990 இலை சண்டையோடை எங்களுக்குக் கரண்ட் நிண்டது. பற்றரிக்கும் தடை. சைக்கிள் டைனமோவிலை றேடியோ கேட்ட காலம். ஒருத்தன் மிதிக்க, வட்டமாய்க் குந்தியிருந்து பி.பி.சி. தமிழோசை கேப்பம். அண்டைக்கு எங்கடை கொன்ட்றோலர் அந்த மிதிக்கிறவன்ரை கால்தான். செய்தி முக்கியமான இடத்துக்கு வரேக்கை அவனுக்கும் வடிவாய்க் கேக்க ஆசை வரும். கால் நிக்கும். றேடியோவும் நிக்கும். பேந்து முழு வட்டமும் அவனைப் பேசும்.

“ரஹ்மானும் பெட்டி வைச்சிருக்கிறார்” எண்டாய். ஓம், கோடம்பாக்கத்திலை வீட்டோடை ஸ்டூடியோ கட்டி வைச்சிருக்கிறார். 1992 இலை அவர் இசையமைச்ச ரோஜாப் படம் வந்தது. அதுக்கு முதல் எத்தினை வருசம் மற்ற இசையமைப்பாளர்களுக்குக் கீபோட் வாசிச்சு வாசிச்சு விரலைத் தேய்ச்சவரெண்டு பெட்டி விக்கிறவன் உனக்குச் சொல்லான்.

கிட்டத்து ஆளைச் சொல்லுறன். எம்.ஐ.ஏ. எண்டு உலகம் கூப்பிடுற மாதங்கி அருள்பிரகாசம். லண்டனிலை பிறந்து, கைக்குழந்தையாய் யாழ்ப்பாணம் வந்து வளந்து, சண்டைக்குள்ளாலை திரும்பி லண்டனுக்குப் போன பிள்ளை. சங்கீதம் படிச்ச ஆளில்லை. ரோலண்ட் எம்.சி-505 எண்ட ஒரு பெட்டியை வைச்சுத்தான் பாட்டுக் கட்டத் தொடங்கினவ. அதுவும் சிநேகிதி ஒருத்தி குடுத்த இரவல் பெட்டி. உன்ரை பெட்டி மாதிரி ஊமையில்லை, தானே சத்தம் போடுற பெட்டி. எண்டாலும் ஒரு பெட்டிதான். அதிலை இருக்கிற நொப், பட்டன் எல்லாம் விரலுக்குப் பழகும்வரை நோண்டினவ. 2005 இலை ‘அருளர்’ எண்டு தேப்பன்ரை பேரிலை இசைத்தட்டு வந்தது. நீ என்னடா எண்டால் ‘எந்தப் பெட்டி திறம்’ எண்டு வீடியோ பாத்துப் பாத்தே விடியப்பண்ணிறாய்.

சரி, வாங்கத்தான் போறாய். அப்ப இதுகளைக் கேள்.

கடைக்காரனிட்டை “என்ன கலர் இருக்கு” எண்டு கேக்காதை. “என்ரை சொஃப்ட்வெயாரோடை இது கதைக்குமோ” எண்டு கேள். மக்கி கொன்ட்றோல் எண்டொரு முறை இருக்கு. எட்டு ட்ராக் பேடர், ஒரு மாஸ்டர். கியூபேஸ், லொஜிக், ரீப்பர், எஃப்.எல். ஸ்டூடியோ எண்ட சொஃப்ட்வெயார் எல்லாத்துக்கும் அந்த முறை விளங்கும். பெட்டியும் அதைப் பேசினால், முதலாவது பேடர் முதலாவது ட்ராக்கைத் தானாய்ப் பிடிக்கும். பேசாட்டில் ஒவ்வொரு நொப்பையும் நீயே இருந்து அறிமுகப்படுத்தவேணும், கலியாண வீட்டிலை சொந்தம் சொல்லுற வேலை அது.

எட்டுப் பேடரிலை இருபது ட்ராக் ஓட்டலாம், பாங்க் பட்டனை அமத்தினால் அடுத்த எட்டு வரும். எந்த எட்டிலை நிக்கிறாயெண்டு மறந்தால், டிரம்மெண்டு நினைச்சுக் குரலை ஏத்துவாய். உன்ரை குரலை. பாவம் அயல்.

இன்னொரு கள்ளம் இருக்கு. மோட்டர் இல்லாத பேடர் நீ விட்ட இடத்திலேயே கிடக்கும். நீ வேறை பாட்டைத் திறந்தால், ஸ்க்ரீனிலை சத்தம் அடியிலை, பெட்டியிலை பேடர் உச்சியிலை. லேசாய்த் தொட்டால் போதும், சத்தம் ஒரே பாய்ச்சலிலை உச்சிக்குப் போகும், பத்தமேனி நாயெல்லாம் எழும்பும். சொஃப்ட்வெயாரிலை பிக்கப் எண்டு ஒரு இடம் இருக்கும், அதைப் போட்டுவிடு. பேடர் அரக்கி அரக்கி உண்மையான இடத்தைத் தொட்ட பிறகுதான் பிடிக்கும். மோட்டர் உள்ளது தானே ஏறி இறங்கும், பாக்க நல்ல வடிவு. விலையும் அப்பிடித்தான் ஏறும், இறங்காது. அதுகளிலை கனக்கத்துக்குத் தனிக் கரண்ட் வயரும் வேணும். இஞ்சை சோளகம் அடிக்கத் தொடங்கினால் செம்மண் புழுதி எந்த இடுக்குக்குள்ளையும் போகும். பேடரின்ரை அந்த நீட்டு வெட்டு அதுக்கெண்டே திறந்து வைச்ச வாசல். வேலை முடிஞ்சால் துணியாலை மூடு. நீ உன்ரை கட்டிலிலை கிடக்கிற உடுப்பையே மடிக்காதவன், அதாலைதான் மோட்டரில்லாததைச் சொல்லுறன்.

இனி முக்கியமானது. வாங்கின அண்டைக்கு எல்லா நொப்புக்கும் வேலை குடுக்காதை. ஐஞ்சுக்குக் குடு. குரல், டிரம், பேஸ், எதிரொலி, மொத்தச் சத்தம். எந்தப் பாட்டைத் திறந்தாலும் அதே ஐஞ்சு, அதே இடம். அந்த ஒழுங்கை வார்ப்பாய்ச் சேமிச்சு வை, ஒவ்வொரு முறையும் புதுசாய்த் தொடங்காதை. பேடருக்குக் கீழை ஒரு நாடா ஒட்டிப் பேர் எழுது. பேந்து என்ரை சால்வையைத் தாறன், ஸ்க்ரீனுக்கு மேலை போடு. பாட்டை முதலிலை இருந்து ஓடவிட்டு, கையாலை மட்டும் மிக்ஸ் பண்ணு. நாடாவைக் குனிஞ்சு பாக்காமல் கை போகத் தொடங்கினால் ஆறாவது நொப்பைத் திற. அதுக்கு முதல் திறந்தாயெண்டால் நீ பாட்டுக்காரனில்லை, பெட்டிக்காவலன்.

சொஃப்ட்வெயார் களவிலை எடுத்தது, பெட்டிக்கு மட்டும் காசு. அந்த ஞாயமும் எனக்குத் தெரியும். சின்னப் பெட்டியள் கனக்கத்தோடை அடக்கமான சொஃப்ட்வெயார் ஒண்டு சும்மா வரும், ஏபிள்டன் லைவ் லைட் மாதிரி. ட்ராக் எண்ணிக்கை அதிலை கொஞ்சந்தான். உனக்கு மூண்டு ட்ராக். கட்டுப்பாடு எங்கை இடிக்கப் போகுது? கள்ளனெண்ட பேரில்லாமல் தொடங்கு.

வாங்கினதும் மினுங்கிற பட்டனோடை படம் எடுத்துப் போடாதை. கனடாவிலை இருக்கிற மாமன் “பாட்டெங்கை?” எண்டு கேட்பான். அவனுக்கு அனுப்பக் காசில்லை, கேக்கக் கேள்வி இருக்கு.

ஆனபடியால் மோனை, சின்னதாய் ஒண்டு வாங்கு. ஒரு பாட்டை முடி. தொடக்கினது வேண்டாம், முடிச்சது. அதைக் கோயில் மடைக்குச் சனம் கூடேக்கை நானே போட்டுவிடுறன். இருந்து கேட்டினமெண்டால் பெரிய பெட்டிக்குப் பாதிக் காசு என்ரை. எழும்பிப் போச்சினமெண்டாலும் யோசியாதை. சனம் எழும்பேக்கை பேடரை இறக்க உனக்குக் கை போச்சுதெண்டால், பாதி வித்தை வந்திட்டுது. ஏத்தத் தெரிஞ்சவங்கள் ஊர் முழுக்க இருக்கிறாங்கள்.