அம்மா சொன்ன விலை, அமைச்சர் சொன்ன விலை

ரிலையன்ஸ் நிறுவனர் திருபாய் அம்பானி 2002 ஜூலையில் உயில் எழுதாமல் கண்ணை மூடினார். அதே வருஷம் ரிலையன்ஸுக்கு, காகிநாடாவுக்கு அப்பால் வங்கக் கடலுக்கு அடியில், கேஜி-டி6 என்ற வட்டாரத்தில் எரிவாயு கிடைத்தது. உயில் இல்லாத வீட்டில் புதையல் கிடைத்தால் என்ன நடக்குமோ அதுவேதான் நடந்தது.

அண்ணன் முகேஷும் தம்பி அனிலும் முறைத்துக்கொண்டு திரிந்ததைப் பார்த்த தாயார் கோகிலாபென், 2005 ஜூனில் நடுவில் உட்கார்ந்து பாகம் பிரித்தார். நம்மூரில் வாய்க்காலுக்கும் தென்னை மரத்துக்கும் அடித்துக்கொள்வார்கள். இங்கே தம்பிக்கு அண்ணன் தரவேண்டும் என்று எழுதி வைத்தது நாளொன்றுக்கு 2.8 கோடி கன மீட்டர் வாயு, 17 வருஷத்துக்கு. விலை, பத்து லட்சம் பிரிட்டிஷ் வெப்ப அலகுக்கு 2.34 டாலர். அந்த 2.34 வானத்திலிருந்து விழவில்லை. 2004-ல் அரசு நிறுவனமான என்டிபிசியின் டெண்டரில் ரிலையன்ஸே குறித்துக் கொடுத்தது. என்டிபிசிக்கும் அந்த விலையில் வாயு வரவில்லை. அண்ணன் தம்பி வழக்கைப் போல அதுவும் கோர்ட் படி ஏறியது.

அப்போது வாயு கடலுக்கடியில் இருந்தது. தம்பி அதை எரிப்பதாகச் சொன்ன தாத்ரி மின் நிலையம் காகிதத்தில் இருந்தது. வெளியே வராத வாயுவை, கட்டாத நிலையத்துக்கு என்ன விலைக்குத் தருவது என்று நாட்டின் பெரிய வக்கீல்கள் எல்லாரும் தொண்டை கிழியப் பேசினார்கள்.

2007-ல் பிரணாப் முகர்ஜி தலைமையிலான அமைச்சர் குழு வேறொரு விலை சொன்னது: 4.20. அதற்கு ஒரு சூத்திரமும் உண்டு. கச்சா எண்ணெய் விலையில் 25 டாலரைக் கழி, மிச்சத்துக்கு 0.15 என்று அடுக்குப் போடு, 2.5-ஐக் கூட்டு. எண்ணெய் 60 டாலரைத் தாண்டினாலும் 60 என்றே வைத்துக்கொள். போட்டுப் பாருங்கள், 4.20 வரும். நேராகவே 4.20 என்று எழுதியிருக்கலாம். ஆனால் அடுக்குக்குறியைப் பார்த்தால்தானே எதிரில் இருப்பவன் வாயை மூடுவான்?

2009 ஏப்ரலில் ஒருவழியாக வாயு வந்தது. ஜூனில் மும்பை உயர் நீதிமன்றம் தம்பி பக்கம் சாய்ந்தது. எண்ணெய் அமைச்சகத்தைச் சாடி தம்பி தரப்பு பத்திரிகைகளில் விளம்பரமே போட்டது. 2010 மே 7 அன்று உச்ச நீதிமன்றம், இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில், எல்லாவற்றையும் கலைத்தது: வாயு அரசாங்கத்தின் சொத்து, விலை சொல்வதும் அரசாங்கம், வீட்டுக்குள் எழுதிய ஒப்பந்தம் கம்பெனியைக் கட்டாது. பெரும்பான்மைத் தீர்ப்பில் ஈரோடு மாவட்டத்துக்காரரான நீதிபதி பி. சதாசிவமும் இருந்தார். அந்த மாதமே அண்ணனும் தம்பியும் சமாதானம் ஆனார்கள்.

அடுத்து அரசு அமைத்த சி. ரங்கராஜன் குழுவின் சூத்திரம் வந்தது, விலை 8.4 டாலருக்குப் போகும் என்றார்கள். 2014 தேர்தல் குறுக்கே வர, தேர்தல் ஆணையம் தள்ளிப்போடச் சொன்னது. புது அரசு சூத்திரத்தை மாற்றிக் குறைத்தது.

இத்தனைக்கும் நடுவில் யாரும் கடலைக் கேட்கவில்லை. நாளொன்றுக்கு 8 கோடி கன மீட்டர் தருவதாகத் திட்டத்தில் எழுதியிருந்த கேஜி-டி6-ன் டி1, டி3 வயல்கள் மணலும் தண்ணீரும் ஏறி இளைத்துக்கொண்டே போய், 2020 பிப்ரவரியில் நின்றன. அந்த அக்டோபரில் ஓஎன்ஜிசி போன்றவர்களின் பழைய வயல்களுக்கு அரசின் சூத்திரம் கண்டுபிடித்த விலை 1.79 டாலர். அம்மா சொன்னதைவிட 55 சென்ட் குறைவு.