வட்டில் ஒன்னு, வாய் ரெண்டு

வாங்க மாப்ளே! கையில என்ன கட்டு? ஓஹோ, வீட்டு ராஜபாளையத்துக்கும் சிப்பிப்பாறைக்கும் நடுவுல பஞ்சாயத்து பண்ணப் போனீகளாக்கும். கடிவாயைச் சோப்புப் போட்டு, ஓடுற தண்ணியில 15 நிமிசம் கழுவுனீகளா? ஊசி போட்டாச்சா? நம்ம வீட்டு நாய்தானேன்னு மஞ்சளை அப்பிக்கிட்டு வந்திருந்தா, இங்க பேச்சில்லை; நேரா ஆஸ்பத்திரிதான்.

ரெண்டும் பொட்டை, வயசு ரெண்டாச்சு. பிறகென்ன? குட்டியில ஒரே சாக்குல படுத்துச்சுன்னா காலத்துக்கும் அப்படியே கிடக்குமா? வளர்ந்த பிறகுதான் கணக்குப் பாக்கும். பொட்டை ரெண்டு மோதிக்கிட்டா லேசுல விடவும் விடாது. அதுலயும் சிப்பிப்பாறை, முயலை விரட்டவே வளர்த்த சாதி. அதை ரெண்டு சென்ட் வீட்டுல கட்டிப்போட்டா, விரட்ட வேற யாரு இருக்கா?

ஒரே வட்டில்ல கறிச்சோத்தைக் கொட்டிட்டுச் சமத்துவம் பேசுறீக. பந்தியில மனுசனே பக்கத்து இலையைத்தான் பாக்குறான்! ஆளுக்கொரு வட்டில், நடுவுல சாத்துன கதவு. தின்னு முடிச்சதும் வட்டிலையும் எலும்பையும் எடுத்துட்டுத்தான் கதவைத் திறக்கணும். வேலை விட்டு வந்ததும் வாசப்படியிலயே ஒன்னைக் கொஞ்சுறீகளே, இன்னொன்னு வேடிக்கை பாக்கவா வந்துச்சு?

உறுமுனா அடிக்கிறீகளாமே? உறுமுற நாய் மரியாதைப்பட்ட நாய். முன்கூட்டியே தாக்கல் சொல்லுது. அடிச்சு அடக்குனா அடுத்த தடவை தாக்கல் சொல்லாமக் கடிக்கும். நாய் வாலை நிமித்த முடியாதும்பாங்க. நிமித்த வேணாம் மாப்ளே, பாத்தாப் போதும். வால் விறைச்சு, உடம்பு கட்டையாகி, கண்ணு இமைக்காம நின்னுச்சுன்னா, அப்பவே பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பிரிச்சிருங்க.

மோதிருச்சுன்னா கையை நடுவுல விடாதீக. வாளித் தண்ணியை ஊத்துங்க, சாக்கைத் தூக்கி மேல போடுங்க. ரெண்டு பேரு இருந்தா, ஆளுக்கொரு நாயோட பின்னங்காலைப் பிடிச்சுப் பின்னால இழுங்க. அடங்குனதும் தனித்தனி ரூம்பு. நாலு நாள் கழிச்சு, ரெண்டுக்கும் பாத்தியதை இல்லாத கண்மாய்க்கரையில, ஆளுக்கொரு சங்கிலியாப் பிடிச்சுத் தள்ளித் தள்ளி நடத்துங்க. இத்தனை நாள் சாதுவா இருந்தது திடீர்னு சீறுதுன்னா, காதுப்புண்ணோ மூட்டுவலியோ இருக்கும், மாட்டாஸ்பத்திரியில காட்டுங்க.

இத்தனையும் செஞ்சு, பிறகும் ரத்தம் பாக்குற சண்டைன்னா, ஒன்னை நல்ல வீடாப் பாத்துத் தனிக்குடித்தனம் அனுப்பிருங்க. அதுல கௌரவக் குறைச்சல் நாய்க்கு ஒன்னுமில்லை; உங்களுக்குத்தான் இருக்கும். அதை நீங்களே பாத்துக்கிடுங்க.