பாட்டு அவருக்கு, பேஸ் எங்களுக்கு

கரையான்சாவடியில் ஞாயிறு காலை ஆறரைக்கே பக்கத்து வீட்டு அண்ணனின் ஆம்ப்ளிஃபயர் விழித்துக்கொள்கிறது. என்ன பாட்டு என்று தெரியாது. சுவர் உயர்ந்த ஒலியைத் தடுத்துத் தாழ்ந்த ஒலியை விட்டுவிடும் என்பதால், எங்களுக்கு வருவது 'தும் தும்' மட்டும். மெட்ரோ தூண் வேலை நடந்த நாட்களில் எது இயந்திரம், எது இசை என்று பிரித்தறியத் தனி ஞானம் வேண்டியிருந்தது.

ரிச்சி தெருவில் அசெம்பிள் செய்த பெட்டி. பேஸ், ட்ரெபிள் இரண்டு குமிழும் வலக்கோடியில். ஏன் என்று கேட்டேன். "பாதியில நிறுத்தினா பாதி காசு வீண்தானே சார்?"

பீட்டர் பாக்ஸண்டால் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் இந்த இரண்டு குமிழ்களுக்காக 1952இல் வெளியிட்ட மின்சுற்றுதான் பிற்காலத்தில் எண்ணற்ற பெட்டிகளுக்குள் புகுந்தது. அதன் அழகே, குமிழ் நடுவில் நின்றால் ஒலியைத் தொடாமல் விட்டுவிடுவது. பாவம், நம்மூர் விரல்களை அவர் பார்த்ததில்லை. பேஸை 10 டெசிபல் ஏற்றினால் அந்தத் தாழ்ந்த சுரங்களுக்குப் பத்து மடங்கு மின்திறன் வேண்டும். 'ஆயிரம் வாட்ஸ்' ஸ்டிக்கர் ஒட்டிய இருபது வாட் பெட்டி எங்கே போகும்? கரகரக்கும்.

'மூடுபனி'யில் (1980) இளையராஜா பேஸ் கிடாரைப் பேச வைத்தார். அண்ணன் வீட்டில் அது மாவு மில்லாக ஓடுகிறது.

அண்ணே, ஸ்பீக்கரைச் சுவர் மூலையில் வைத்தாலே பேஸ் கூடும். அதை ஒரு முழம் முன்னால் நகர்த்துங்கள், குமிழை நடுவில் வையுங்கள். எட்டு மணி வரைக்குமாவது.