பீரோவுக்குப் பின்னாடி பாரு, பேராண்டி

பகலெல்லாம் சிப்காட்ல கம்ப்யூட்டர் தட்டிட்டு, சனிக்கெழம ராத்திரி நாலு பசங்களோட நீ படிச்ச காலேஜு லைப்ரரில பேய் புடிக்கப் போறியாமே. உங்கம்மா கண்ணக் கசக்கிகினு வந்து சொன்னா. நான் தடுக்க மாட்டேன் கண்ணு. லைப்ரரிக்குள்ள நீ கால் வெக்கறதே நம்ம குடும்பத்துல பெரிய சங்கதி. பேய் சாக்குலயாவது நடக்கட்டும்.

உங்க பாட்டி வேப்பெல, எலுமிச்சம்பழம்னு மூட்ட கட்டிகினு இருக்கா. வாங்கிக்கோ, மறுக்காத, அவ மனசு நோவும். ஆனா அதுகூட ஒரு டார்ச்சு, ஒரு அளவு டேப்பு, ஒரு ஸ்க்ரூ டிரைவர் எடுத்துக்கோ. இந்த மூணுக்கும் மசியாத பேய் ஒண்ணு கெடச்சா என்னையும் கூப்புடு, கும்புட்டுட்டு வரேன்.

பச்ச லைட்டு, செவப்பு லைட்டு எரியுற டப்பா ஒண்ணு வாங்கி வெச்சிருக்கியே, ஆவி கிட்ட வந்தா காட்டும்னு. கரண்டு ஓடுற எடத்துல உண்டாகுற காந்தப் புலத்தக் காட்டுற மீட்டரு அது. அவ்ளோதான். லைப்ரரில யூபிஎஸ் இருக்கு, சுவிட்சு போர்டு இருக்கு, பழைய டியூப்லைட்டு சோக்கு இருக்கு. எங்க கொண்டுபோனாலும் செவப்பு எரியும். சந்தேகம்னா, நாளைக்குக் காலைல பாட்டி மிக்சில சட்னி அரைக்கும்போது பக்கத்துல நீட்டிப் பாரு. எரிஞ்சா என்கிட்ட சொல்லு, அவகிட்ட சொல்லிடாத.

நான் தாம்பரம் பக்கம் ஒரு காலேஜு லைப்ரரில அட்டெண்டரா இருந்து ரிட்டையர் ஆனவன்ங்கறத மறந்துட்ட. அங்கயும் வெள்ள சேல கட்டுன ஒரு பேய் இருந்தது. இல்லாத லைப்ரரி ஏது? மத்தியான வெயில் மேல்மாடி தகர ரேக்க நல்லா சுட வெச்சிடும். ராத்திரி அது ஆறும்போது டக், டக்குனு ஒவ்வொண்ணா சத்தம் குடுக்கும். யாரோ ரேக்கு ரேக்கா விரலால தட்டிகினு நம்மள நோக்கி வர்றா மாதிரியே இருக்கும். ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல மரநாய் ஓடுச்சுன்னா ஆள் நடக்கறா மாதிரி கேக்கும். அதுவும் குட்டி போட்டுட்டா மாடியில கொழந்த அழுவுற சத்தமும் சேந்துக்கும். ஜன்னல் ஓரத்துல கூகை உக்காந்து சீறுச்சுன்னா, எம்.ஏ. படிச்சவனும் எங்க ஊரு அய்யனாரக் கூப்புடுவான்.

சத்தத்துக்கு இத்தினி காரணம் இருந்தாலும், வெள்ள சேல கட்டுன பொம்பள எங்க இருந்து வந்தா? அவள அனுப்பி வெச்சது நைட் வாட்ச்மேன். மணிக்கு ஒரு தபா மூணு மாடி ஏறி எறங்கணும்னு அவனுக்கு ஆர்டர். மூணாவது மாடில அம்மா ஒருத்தி நிக்கறான்னு ஒரு நா சொன்னான். அதோட ரவுண்டு நின்னுபோச்சு. கீழ சேர்ல நிம்மதியா தூங்குனான். அதனால, பேய் இருக்கான்னு ஆரம்பிக்காத. இந்தப் பேயால யாருக்கு ஆதாயம்னு மொதல்ல விசாரி. ரெண்டாவதா, தச்சன் யாருன்னு விசாரி.

தச்சன் எங்க வந்தான்னு முழிக்காத. நம்ம பட்டணத்துலயே நடந்த கதை, பொஸ்தகத்தத் தூசி தட்டும்போது படிச்சது. நீ இன்னிக்கு செய்யப் போற வேலைய 1884லயே ஒருத்தன் கப்பல் ஏறி வந்து அடையார்ல செஞ்சான்.

அடையார் ஆத்தோரம் பிரம்மஞான சபை இருக்கில்ல, பெரிய ஆலமரம் நிக்குமே. 1882 கடைசில அந்த எடத்துக்குக் குடி வந்தாங்க. பிளாவட்ஸ்கின்னு ஒரு ரஷ்ய அம்மா, ஆல்காட்னு ஒரு அமெரிக்கக் கர்னல், இவங்கதான் தலைவருங்க. அந்தம்மா படுக்கை ரூமுக்கு ஒட்டின ரூம்ல செவுத்துல ஒரு மர பீரோ மாட்டி இருந்தது. கடுதாசி எழுதி உள்ள வெச்சு மூடினா, இமயமலைக்கு அந்தாண்ட இருக்குற மகாத்மாங்க கிட்ட இருந்து பதில் வரும். சில நாளு கூரைல இருந்தே கடுதாசி வுழும். ஸ்டாம்பும் வேணாம், தபால்காரனுக்குத் தீபாவளி இனாமும் வேணாம்.

1883 ஆகஸ்டுல மார்கன்னு ஒரு ரிட்டையர்டு ஜெனரல் பாக்க வந்தாரு. வூட்ட மேய்க்குற கூலோம் அம்மா பீரோவத் தொறந்தா, உள்ள இருந்த பீங்கான் தட்டு கீழ வுழுந்து ஒடஞ்சிபோச்சு. சில்லப் பொறுக்கி உள்ள வெச்சு மூடுனாங்க. கொஞ்ச நேரம் கழிச்சுத் தொறந்தா தட்டு முழுசா இருக்குது, கூட ஒரு கடுதாசி. ஜெனரலு அசந்துட்டாரு. சண்ட போட்டு ஜெயிக்கறவங்கள அசத்தறது சுளுவு கண்ணு. அவங்க பீரோவ முன்பக்கமாத்தான் பாப்பாங்க.

அந்த கூலோம் அம்மாவோட புருஷன்தான் அந்த வூட்டுத் தச்சு வேலையெல்லாம் செஞ்சவன். 1884ல தலைவருங்க ஐரோப்பா போயிருந்த சமயம் சபைக்காரங்களுக்கும் இந்தப் புருஷன் பொண்டாட்டிக்கும் ஆகல. வெளிய அனுப்பிட்டாங்க. வூட்டு ரகசியம் தெரிஞ்ச ஆள வெறுங்கையோட அனுப்பினா இன்னா ஆவும்? நேரா பாதிரிமாருங்க கிட்ட போனாங்க, பிளாவட்ஸ்கி அம்மா எழுதுனதுன்னு ஒரு கட்டு கடுதாசிய நீட்டுனாங்க. மெட்ராஸ் கிறிஸ்டியன் காலேஜு நடத்துன பத்திரிகைல அந்த செப்டம்பர்லயே அச்சாயிடுச்சு. அப்ப அந்த காலேஜு பட்டணத்துக்குள்ள இருந்தது. 1937லதான் நம்ம தாம்பரத்துக்கு வந்தது. ஒரே மாதிரி தட்டு ரெண்டு வாங்கினோம், ஒண்ண ஒடச்சோம், பின்னாடி வழியா இன்னொண்ண வெச்சோம்னு கூலோம் அம்மா சொல்லிடுச்சு.

லண்டன்ல ஆவி ஆராய்ச்சிக்குன்னே ஒரு சங்கம் 1882ல ஆரம்பிச்சிருந்தாங்க. அவங்க அனுப்புன ஆளு ரிச்சர்ட் ஹாட்ஜ்சன். மெல்போர்ன்ல பொறந்து கேம்பிரிட்ஜ்ல படிச்சவன், முப்பது வயசு ஆவல. 1884 டிசம்பர்ல வந்து சேந்தான். பீரோவப் பாக்கணும்னான். பீரோ எங்க இருக்கு? எரிச்சிட்டாங்க. அதுக்கு முன்னால நடந்ததுதான் ரசம். சபைல ஹார்ட்மன்னு ஒருத்தர் பின்னால எழுதிக் குடுத்தாரு. அந்தப் பத்திரிகை வெளிய வந்ததும் சபைக்காரங்களே பீரோவ எறக்கிப் பாத்திருக்காங்க. பாருங்க, பின்பக்கம் எம்மாம் கெட்டியா இருக்குன்னு ஒரு பக்தர் கையால ஓங்கித் தட்டுனாரு. நடுப்பலக சர்ருனு மேல போயிடுச்சு. அந்தப் பக்தர் மூஞ்ச நெனச்சா எனக்கு இன்னும் சிரிப்பு அடங்கல.

ஹாட்ஜ்சன் ஊதுவத்தி கொளுத்திகினு இருட்டுல உக்காரல. பீரோ மாட்டி இருந்த செவுத்த ஆராஞ்சான். ரூமுக்கு பிளான் போட்டான். கடுதாசி வுழுந்த கூரைல உத்தர சந்து எங்க எங்க இருக்குன்னு பாத்தான். நூலக் கட்டி இழுத்தா கடுதாசி வுழுமான்னு விசாரிச்சான். கையெழுத்தெல்லாம் லண்டனுக்கு அனுப்பி நிபுணருங்கள ஒத்துப்பாக்க வெச்சான். மூணு மாசம் இங்க இருந்தான். அப்பறம் 1885ல எறநூறு பக்கத்துக்கு அறிக்கை குடுத்தான்: மோசடின்னு. பிளாவட்ஸ்கி அம்மா அந்த மார்ச்லயே கப்பல் ஏறிட்டாங்க, இந்தியாவுக்குத் திரும்பவே இல்ல.

இதோட முடிஞ்சிதுன்னு கை தட்டாத. சபைக்காரங்களுக்கும் ஒரு பதில் இருக்கு. தலைவருங்க ஊர்ல இல்லாத நேரத்துல, அந்தத் தச்சன்தான் வஞ்சம் வெச்சு செவுத்தயும் பலகையயும் வெட்டினான்னு. நூறு வருஷம் கழிச்சு 1986ல, கள்ள ஆவணம் கண்டுபுடிக்கறதுல கைதேர்ந்த வெர்னான் ஹாரிசன், அதே லண்டன் சங்கத்துப் பத்திரிகைலயே, ஹாட்ஜ்சன் மொதல்லயே ஒரு பக்கம் சாஞ்சிட்டான், அறிக்கை ஒழுங்கில்லன்னு எழுதுனாரு. என் கணக்கு இன்னான்னா, தட்டு ஒட்டிக்கிச்சுன்னு நான் நம்ப மாட்டேன். ஆனா வேலைல இருந்து துரத்துன ஆளு சொன்னத மட்டும் வெச்சுத் தீர்ப்பு எழுதவும் மாட்டேன். நீ உங்க காலேஜு வாட்ச்மேன விசாரிக்கும்போது, அவனுக்குச் சம்பள பாக்கி இருக்கான்னும் கேட்டுக்கோ.

இத்தன களேபரத்துக்கு நடுவுல அந்த ஆல்காட் கர்னல் 1886 டிசம்பர்ல அங்கயே ஒரு லைப்ரரி தொறந்தாரு. ஓலைச்சுவடியா சேத்தாரு. கூரைல இருந்து கடுதாசி வுழுந்த காலமெல்லாம் போச்சு, அந்தச் சுவடி இன்னும் இருக்கு. பேயத் தேடுறவன் சேத்த பொஸ்தகமும் லைப்ரரிக்குத்தான் வந்து சேருது. இங்கிலீஷ்காரன் ஹாரி பிரைஸ், ஊரறிஞ்ச பேய் வேட்டக்காரன், லண்டன் யுனிவர்சிட்டி லைப்ரரிக்கு 13,000 பொஸ்தகம் வுட்டுட்டுப் போனான். நீ அத்தன வேணாம், ஒண்ணு படி.

பயமா இருந்தா ஃபேனப் பாரு. வெளையாட்டு இல்ல. விக் டேண்டின்னு இங்கிலாந்துல ஒரு இன்ஜினியரு, ராத்திரி லேப்ல தனியா இருக்கும்போது வேர்த்துக் கொட்டுச்சாம், ஓரக்கண்ல சாம்பல் நெறத்துல ஒரு உருவம் தெரிஞ்சிதாம். மறுநா வாள்போட்டிக் கத்தி ஒண்ண வைஸ்ல மாட்டுனா அது தானா நடுங்குது. புதுசா மாட்டுன எக்சாஸ்ட் ஃபேன்ல இருந்து, காதுக்கே கேக்காத அதிர்வு, நொடிக்கு 19 தபா. ஃபேன நிறுத்துனாங்க, உருவமும் வரல. 1998ல இத கட்டுரையாவே எழுதிட்டாரு. எல்லா பேய் வூட்டுக்கும் இது பொருந்துமான்னு இன்னும் வாக்குவாதம் நடக்குது. உங்க காலேஜு எக்சாஸ்ட் ஃபேனு ஓடுறதே அபூர்வம், அது வேற.

ஹாட்ஜ்சன் கதைல பாக்கி ஒண்ணு இருக்கு. அப்பறம் அவன் பாஸ்டனுக்குப் போனான். பைப்பர்னு ஒரு அம்மா மேல ஆவி வருதுன்னாங்க. அதயும் பொய்யின்னு காட்டத்தான் போனான், பின்னால ஒற்றர வெச்சுக்கூடப் பாத்தான். வருஷம் ஓட ஓட இவனே நம்பிட்டான். 1905 டிசம்பர்ல பந்து ஆடிகினு இருந்தவன் சாய்ஞ்சி செத்தும் போனான். கொஞ்ச நாள்ல அந்தப் பைப்பர் அம்மா மேல யாரு வந்து பேசுனான்ற? நான்தான் ஹாட்ஜ்சன்னு. வில்லியம் ஜேம்ஸ்னு பெரிய மனோதத்துவ வாத்தியாரு ஒக்காந்து அத்தனயும் குறிச்சு 1909ல அறிக்கை போட்டாரு, அவனா இல்லியான்னு அவரால அடிச்சுச் சொல்ல முடியல. அடையார்ல பீரோவுக்குப் பின்னாடி பாத்தவன், பாஸ்டன்ல அந்தம்மாவுக்குப் பின்னாடி போய்ப் பாத்தும் ஒண்ணும் ஆவல பாரு. அதனால பசங்களோட போ. தனியா மட்டும் அடிக்கடி போவாத.

பர்மிஷன் லெட்டர்ல இன்னா எழுதறதுன்னு கேட்டியே. ஆவி ஆராய்ச்சின்னு எழுதுனா பிரின்சிபாலு போலீஸக் கூப்புடுவாரு. ஒயரிங் சோதனைன்னு எழுது, பொய்யும் இல்ல, நீ அதத்தான் செய்யப் போற. கைல நாலு டீக்குக் காசு வெச்சுக்கோ, வாட்ச்மேனுக்கு. அப்பறம், படிக்கும்போது எடுத்துகினு வந்து குடுக்காமவுட்ட பொஸ்தகம் ஒண்ணு நம்ம பரண்ல கெடக்குது, அதயும் எடுத்துகினு போ. அந்த லைப்ரரியன் அம்மா உன்னத் தேடி நம்ம தெருவரைக்கும் வந்துட்டுப் போச்சு. வெள்ள சேலதான் கட்டியிருந்தது.