வாசலில் நிற்பவருக்கும் ஒரு கைதி எண்

ஒருவனைப் பிடித்து உள்ளே போட்டால் நாலு பேர் தண்டனை அனுபவிக்கிறார்கள். அந்த நாலு பேருக்காக அரசுக்கு ஒரு பைசா கூடுதல் செலவில்லை. சோறு போட வேண்டாம், சீருடை தைக்க வேண்டாம், காவலுக்கு ஆள் வைக்க வேண்டாம். சொந்தக் காசில் பஸ் ஏறி, தாங்களே தேடி வந்து, தண்டனையை வாங்கிக்கொண்டு சாயங்காலம் வீடு திரும்பிவிடுவார்கள். இப்பேர்ப்பட்ட சிக்கனத்தைக் கண்டுபிடித்த மகானுக்கு இன்னும் பத்ம விருது கொடுக்காதது பெரிய அநியாயம்.

புழலோ, மதுரையோ, பாளையங்கோட்டையோ, எந்த மத்தியச் சிறை வாசலுக்கும் காலையில் போய்ப் பாருங்கள். "மனு பார்க்க வந்தியாம்மா? அந்தப் பக்கமா நில்லு" என்று குரல் கேட்கும். கைதியைச் சந்திப்பதற்கு அங்கே 'மனு' என்று பேர். நிற்கிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஒரு நாள் கூலியை விட்டு வந்தவர்கள். பையில் ரொட்டி, பிஸ்கட், நாலு வாழைப்பழம். போன வாரம் உள்ளே போன பிஸ்கட் இந்த வாரம் போகாது. ஏன் என்று கேட்கக் கூடாது. கேட்டால் அடுத்த வாரம் பழமும் போகாது. விதிப் புத்தகம் என்று ஒன்று உண்டு, ஆனால் அதன் அன்றன்றைய பதிப்பு வார்டரின் முகத்தில்தான் வெளியாகும். கையில் கொஞ்சம் பணம் வைத்திருப்பவர்களுக்கு அதில் திருத்தங்களும் கிடைக்கும்.

உள்ளே போனதும் பேச்சு. இந்தப் பக்கம் இருபது பேர், அந்தப் பக்கம் இருபது பேர், நடுவில் கம்பி வலை. எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள். வக்கீல் இன்னும் பத்தாயிரம் கேட்கிறார் என்பதையும், நகையை அடகு வைத்தாயிற்று என்பதையும், மகள் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்கிறாள் என்பதையும் ஒரு மனைவி ஊர் கேட்கத் தொண்டை கிழியச் சொல்ல வேண்டும். புருஷன் "என்னது?" என்பான். மறுபடி சொல்வதற்குள் "டைம் ஆச்சு, டைம் ஆச்சு". கண்ணாடி வைத்து இன்டர்காம் கொடுத்த இடங்களிலும் அது வேலை செய்கிற நாள் நல்ல நாள்.

முன்பு வாய்தா என்ற ஒரு சின்னப் புண்ணியம் இருந்தது. கோர்ட்டுக்கு அழைத்து வரும்போது வராந்தாவில் பக்கத்தில் போய் நிற்கலாம், பிள்ளையைத் தூக்கிக் காட்டலாம், வழிக்காவலுக்கு டீயும் பிரியாணியும் வாங்கிக் கொடுத்தால் ஒரு பொட்டலம் அவன் கைக்கும் போகும். இப்போது ரிமாண்ட் நீட்டிப்பைக் காணொலியில் முடித்துவிடுகிறார்கள். திரையில் நீதிபதி அவனைப் பார்க்கிறார், அவன் நீதிபதியைப் பார்க்கிறான். மரத்தடியில் அவனுக்காகக் காத்திருந்தவளைப் பற்றித் தொழில்நுட்பத்துக்குக் கவலையில்லை. இதற்குப் பெயர் நவீனமயம்.

சரி, குற்றம் செய்தவன் குடும்பம் கொஞ்சம் கஷ்டப்பட்டால் என்ன என்று காபி குடித்துக்கொண்டே கேட்கிற கனவான்களுக்கு ஒரு கணக்கு. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 அறிக்கைப்படி இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நூற்றுக்கு எழுபத்தைந்துக்கு மேல்! குற்றவாளி என்று எந்த நீதிமன்றமும் இன்னும் சொல்லாதவர்கள். கைதியின் வயது, படிப்பு, மதம், சாதி எல்லாவற்றையும் அட்டவணை போடுகிற அந்த அறிக்கை வாசலில் நிற்கும் கூட்டத்தை மட்டும் எண்ணுவதில்லை. எண்ணினால் சோறு போட வேண்டி வந்துவிடுமோ என்னவோ.

ஜாமீன் கிடைத்தால் மட்டும் என்ன? சொத்து உள்ள ஜாமீன்தார் இரண்டு பேரைத் தேட வேண்டும். சொத்து உள்ள சொந்தக்காரர்கள் இருந்தால் அவன் ஏன் அங்கே கிடக்கிறான்? தேடிப் பிடித்தாலும் உத்தரவு நடந்து வர வேண்டும். ஜாமீன் உத்தரவைக் கொண்டுபோக இன்னும் புறாவைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறோமா என்று 2021இல் நொந்துகொண்டவர் சாமானியரல்ல. தலைமை நீதிபதி ரமணா. அதே ஆண்டு மும்பை ஆர்தர் ரோடு சிறை வாசலில் தொங்கும் ஜாமீன் பெட்டிக்கு நேரத்துக்குள் காகிதம் வந்து சேராததால் ஷாருக் கான் மகனே ஓர் இரவு கூடுதலாக உள்ளே இருந்தார். நாடே பதறியது. ஏதோ ஒரு கறுப்பாயியின் மகன் கூடுதலாக இருந்த இரவுகளுக்கு எந்தச் சேனலும் நேரலை போடவில்லை.

சிறை விதிகள் கல்நெஞ்சம் கொண்டவை என்றும் சொல்லிவிட முடியாது. ஆளைப் பார்த்து உருகும். பெங்களூரு பரப்பன அக்ரஹாரா சிறையில் சசிகலாவுக்குத் தனிச் சமையலறை உள்பட சலுகைகள் தரப்படுகின்றன என்று 2017இல் சிறைத்துறை டி.ஐ.ஜி. ரூபா அறிக்கை எழுதினார். உடனே நடவடிக்கை எடுக்கப்பட்டது: ரூபா இடமாற்றம். பாலியல் வன்கொடுமைக்கு இருபது ஆண்டு தண்டனை பெற்ற சாமியார் குர்மீத் ராம் ரஹீம், தேர்தல் வருகிறபோதெல்லாம் பரோலில் வருகிறார். 2023 ஜனவரியில் வந்தவர் வாளால் கேக் வெட்டினார்.

சக்கர நாற்காலியோடு சிறையில் இருந்த பேராசிரியர் சாய்பாபா, சாகக் கிடந்த தாயைப் பார்க்க 2020இல் பரோல் கேட்டார். கிடைக்கவில்லை. தாய் இறந்தார், இறுதிச் சடங்குக்கும் கிடைக்கவில்லை. 2024 மார்ச்சில் உயர் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது, அக்டோபரில் அவரே போய்ச் சேர்ந்தார். திருச்சி மாவட்டத்தில் பிறந்த பாதிரியார் ஸ்டேன் சுவாமி, சிறையில் நடுக்குவாதத்தில் டம்ளர் பிடிக்க முடியாமல் ஓர் உறிஞ்சுகுழல் கேட்டார். பதில் சொல்ல தேசியப் புலனாய்வு முகமையான என்.ஐ.ஏ.வுக்கு இருபது நாள் அவகாசம் தேவைப்பட்டது. கேக் வெட்டும் வாளைவிட உறிஞ்சுகுழல் நாட்டுப் பாதுகாப்புக்கு ஆபத்து என்பது பாமரருக்கு விளங்காது.

அற்புதம்மாளை நாம் மறந்திருக்க மாட்டோம். விசாரித்துவிட்டு மறுநாள் காலை அனுப்பிவிடுவதாகச் சொல்லித்தான் 1991 ஜூனில் ராஜீவ் காந்தி கொலை வழக்கில் அவர் மகன் பேரறிவாளனை அழைத்துப் போனார்கள். அந்த மறுநாள் விடிய 2022 மே 18 ஆனது. முப்பத்தொரு வருஷமும் அந்த அம்மா சிறைக்கும் கோர்ட்டுக்கும் கோட்டைக்கும் நடந்தார். விடுவிக்கலாம் என்று அமைச்சரவை 2018இல் அனுப்பிய பரிந்துரை, ஆளுநர் மாளிகையில் இரண்டு வருஷத்துக்கு மேல் காற்று வாங்கியது. அந்த அம்மா தேய்த்த செருப்புகளுக்கு எந்தச் சட்டப்பிரிவில் தண்டனைக் கழிவு உண்டு?

இடையில் ஒன்று. உள்ளே இருப்பவள் பெண் என்றால் இந்த வரிசையே குட்டையாகிவிடும். புருஷனுக்காகக் கடன் வாங்கி வருகிற பெண்கள் உண்டு. பெண்டாட்டிக்காகக் கூலியை விட்டு வருகிற ஆண்களை விரல் விட்டு எண்ணலாம். அரசைத் திட்டுகிற வேகத்தில் இதை மறைக்கக் கூடாது.

ஆகவே அரசுக்கு என் பணிவான யோசனை: வரிசையில் நிற்பவர்களுக்கும் கைதி எண் கொடுத்துவிடுங்கள். மதியம் ஒரு களி உருண்டை கொடுங்கள். காந்தி ஜெயந்திக்கு நன்னடத்தை பார்த்து நாலு தாய்மார்களை விடுவித்துப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். நிர்வாகக் காரணம் என்று மகனை மதுரையிலிருந்து வேலூருக்கு மாற்றினால் தாயையும் அதே வண்டியில் ஏற்றிவிடுங்கள், பஸ் செலவாவது மிஞ்சும்.

இந்த யோசனை ஏற்கப்படும் வரை வாசலில் நிற்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 479ஆம் பிரிவு இருக்கிறது. மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய வழக்காக இல்லாமல், வேறு வழக்கு எதுவும் நிலுவையில் இல்லாமல், முன்பு எந்தக் குற்றத்துக்கும் தண்டனை பெறாதவர் அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை விசாரணைக் கைதியாகவே கழித்திருந்தால், அவரை விடுவிக்கச் சொல்லி நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டியது நீங்கள் இல்லை. சிறைக் கண்காணிப்பாளர். பழைய வழக்குகளுக்கும் இது பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அடுத்த முறை போகும்போது தேதியைக் கணக்குப் பண்ணி, துண்டுச் சீட்டில் எழுதி எடுத்துப் போங்கள். கண்காணிப்பாளரைப் பார்த்துச் சத்தமாகவே கேளுங்கள்: "ஐயா, நாங்க எங்க மனுவைப் போட்டுட்டோம். உங்க மனு எங்கே?"