ஆலங்குளத்துச் சுகரும் தஹிதித் தீவின் சாறும்

திருநெல்வேலியிலிருந்து தென்காசிக்குச் செல்லும் சாலையில் உள்ள ஆலங்குளத்தில், சுகர் உள்ளவர்களைப் பழமே தொடாதவர்கள் என்றும் பழச்சாற்றை மருந்தாகக் குடிப்பவர்கள் என்றும் இரு வகையாகப் பிரிக்க முற்படும் ஆய்வாளர், இரண்டு பட்டியலிலும் பெரும்பாலும் ஒரே ஆள் இருப்பதைக் கண்டு பேனாவை மூடி வைத்துவிட நேரும். தாம்பாளத்தில் மாம்பழத்துண்டு வந்தால் கையெடுத்துக் கும்பிட்டு விலக்கும் பெரியவர், விடிந்ததும் வெறும் வயிற்றில், பாட்டிலின் மூடியாலேயே அளந்து, 30 மில்லி நோனிச் சாற்றைத் தண்ணீரில் கலக்கி, கண்ணை இறுக மூடிக்கொண்டு குடித்து முடிக்கிறார். நோனி என்பது பசிபிக் தீவுகளிலும் தென்கிழக்காசியாவிலும் வளரும் ஒரு சிறுமரத்தின் பழம். அதன் சாறு துணையுணவு என்ற பெயரில், அதாவது மருந்துமல்லாத, அன்றாடச் சாப்பாடுமல்லாத, ஆனால் இரண்டின் மரியாதையையும் இரவல் வாங்கிக்கொண்ட ஒரு பொருளாக விற்கப்படுகிறது.

இச்சாற்றின் முதன்மையான மருத்துவக் குணம் அதன் நாற்றமே எனலாம். பழுத்த நோனியில் கேப்ரிலிக், கேப்ரோயிக் ஆகிய கொழுப்பு அமிலங்கள் மிகுந்திருப்பதால் அது ஊசிப்போன பாலாடைக்கட்டியின் வாடையை வீசுகிறது. வேப்பங்கொழுந்தையும் நிலவேம்புக் கசாயத்தையும் விளக்கெண்ணெயையும் மூக்கைப் பிடித்துக் குடித்து வளர்ந்த சமூகத்துக்கோ, குமட்டுவது குணப்படுத்தும் என்பது நிரூபணம் தேவைப்படாத உண்மையாகும். விற்பவர்களுக்கு அந்த நம்பிக்கை போதவில்லை போலும். 1996 இல் தஹிதித் தீவின் பெயரோடு இதனை உலகச் சந்தைக்குக் கொண்டுவந்த அமெரிக்க நிறுவனம், வாடையை அடக்கத் திராட்சைச் சாற்றையும் புளூபெர்ரிச் சாற்றையும் சேர்த்தது. மருத்துவர் சொல்லித் திராட்சையைத் துறந்தவர் அப்படிப்பட்ட பாட்டில் ஒன்றை வாங்குவாரேயானால், துறந்ததை விலை கொடுத்துத் திரும்பப் பெறுகிறார் என்பதே கணக்கு.

இதில் இந்த வட்டாரத்துக்கே உரிய வேடிக்கை ஒன்றும் உண்டு. நோனியின் பேரினமான மொரிண்டாவைச் சேர்ந்த மஞ்சணத்தி, மற்ற ஊர்களில் நுணா எனப்படுவது, இங்கே மானாவாரி நிலத்து வரப்பிலும் புறம்போக்கிலும் யாரும் நடாமலே முளைத்து, யாரும் தண்ணீர் விடாமலே காய்த்து நிற்கிறது. கனம் குறைவு என்பதால் அதன் கட்டை நுகத்தடியாயிற்று. வேர் சாயத்துக்குப் போயிற்று. இலைச்சாறு குழந்தைகளின் மாந்தத்துக்குக் கொடுக்கப்பட்டது. கறுத்துக் கனிந்த பழத்தைப் பொறுக்கும் உரிமை பள்ளிச் சிறுவர்களுக்கும் அணில்களுக்கும் விடப்பட்டது. அந்த மரத்து நிழலில் இருசக்கர வாகனத்தை நிறுத்திவிட்டு, அதன் பசிபிக் பங்காளியின் சாற்றை நூறு ரூபாய்த் தாள்களாக எண்ணி வாங்கிக்கொண்டு விற்கும் காட்சியை மஞ்சணத்தி எவ்விதப் பொறாமையுமின்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறது. (இதைப் படித்துவிட்டு மஞ்சணத்திப் பழத்தைப் பிழிந்து குடிக்கக் கிளம்புவோருக்கு: இனம் வேறு, ஆதாரம் அதனினும் குறைவு.)

விற்பனை முறையும் ஆய்வுக்குரியது. நேரடி விற்பனை எனப்படும் இம்முறையில் சரக்கு கடை வழியாக வராமல் ஆள் வழியாக வருகிறது. வாங்கியவரே அடுத்து விற்பவராகிறார். ஆகையால் பாட்டிலோடு திண்ணைக்கு வருபவர் பெரும்பாலும் மருமகன் முறையினராக இருப்பார். “மாமா, மூணு மாசம் குடிச்சுப் பாருங்க, மாத்திரைய தூக்கிப் போட்டுருவீங்க” என்று அவர் சொல்லும்போது, மறுத்தால் முறிவது வியாபாரமா உறவா என்று தெரியாமல் மாமா பணத்தை எடுத்துவிடுகிறார். அடுத்த மாதம் சுகர் குறைந்தால் புகழ் சாற்றுக்கு. அதே நாட்களில் தவறாமல் விழுங்கிய மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரையை எவரும் நினைப்பதில்லை. கூடினால், “உள்ள கெடந்த கெட்டதெல்லாம் வெளிய வருது மாமா” என்ற விளக்கம் தயாராக இருக்கிறது. எந்த முடிவு வந்தாலும் தோற்காத கோட்பாடு அறிவியலில் அரிது. திண்ணையில் அது சாதாரணம். 2023 இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டுள்ள நிலையில், மருமகன்களுக்கு மாமாக்கள் தீர்ந்துபோகும் அபாயமும் இல்லை.

பழத்துக்கும் சாற்றுக்கும் உள்ள வேறுபாடு நார்ச்சத்தில் இருக்கிறது. முழுப்பழத்தின் சர்க்கரை நாரோடு சேர்ந்து மெதுவாக இரத்தத்தில் கலக்கிறது. பிழிந்து வடிகட்டியதும் அந்தத் தடை நீங்கிவிடுகிறது. எனவேதான் உலக சுகாதார நிறுவனம் 2015 இல் வெளியிட்ட நெறிமுறையில், பழச்சாற்றின் இயற்கைச் சர்க்கரையையும் காப்பியில் போடும் சீனியோடு ஒரே வகையில் சேர்த்து, குறைத்துக்கொள்ளச் சொன்னது. 200 மில்லி பழச்சாற்றில் ஏறத்தாழ 20 கிராம், அதாவது நான்கைந்து தேக்கரண்டி சர்க்கரை இருக்கும். 30 மில்லியில் அவ்வளவு இராது என்பது உண்மைதான். பெரிதாகக் கெடுக்காத அளவு, குணப்படுத்தவும் செய்யாத அளவு.

ஆனி, ஆடிச் சாரலின்போது குற்றாலத்துப் பழக்கடைகளில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் துரியனும் குவிந்திருக்கும். மங்குஸ்தானின் ஊதாத் தோலை இரு உள்ளங்கைகளுக்கிடையே அழுத்தினால் அது பிளந்து, பூண்டுப் பற்கள் போன்ற வெண்சுளைகள் தெரியும். பழத்தின் அடியிலுள்ள பூப்போன்ற தடத்தில் எத்தனை இதழோ அத்தனை சுளை. தோலின் சாறு வேட்டியில் பட்டால் கறை போகாது. ஆலங்குளத்துப் பெரியவர் அருவியில் குளித்து, பக்கத்திலுள்ள பிரானூர் பார்டரில் பரோட்டாவை எண்ணாமல் சாப்பிட்டுவிட்டு, மங்குஸ்தான் கடையைக் கடக்கும்போது மட்டும் “நமக்குப் பழம் ஆகாது” என்று நினைவுகூர்ந்து, வீட்டுக்கு வந்து, நோனியைப் போலவே விற்கப்படும் மங்குஸ்தான் சாற்று பாட்டிலைத் திறக்கிறார். அச்சாற்றை விற்ற யூட்டா மாநில நிறுவனம் ஒன்றுக்கு, நோய் தீர்க்கும் எனச் சொல்லி விற்றதற்காக அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2006 இல் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. நோனியின் கதையும் அதுவே: 1998 இல் நான்கு அமெரிக்க மாநிலங்களின் தலைமை வழக்கறிஞர்கள், நீரிழிவு உள்ளிட்ட நோய்களைப் பற்றிய ஆதாரமற்ற கூற்றுகளை நிறுத்துவதாக விற்பனை நிறுவனத்திடம் ஒப்புதல் வாங்கினர், ஐரோப்பிய ஒன்றியத்தின் அறிவியல் குழுவோ 2002 இல், மற்றப் பழச்சாறுகளுக்கு இல்லாத தனி நன்மை எதுவும் இதில் காணப்படவில்லை என்று எழுதியது. இந்தியாவில் 1954 ஆம் ஆண்டின் மாய மருந்து விளம்பரத் தடைச் சட்டம், நீரிழிவைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதையே குற்றமாக்கியுள்ளது. திண்ணைப் பேச்சு விளம்பரத்தில் சேருமா என்பதை மருமகன்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

சிரிப்புக்கு இடமில்லாத செய்தி ஒன்று உண்டு. நோனிச் சாற்றில் பொட்டாசியம் ஏறக்குறைய ஆரஞ்சுச் சாற்றின் அளவுக்கு இருக்கிறது. நீடித்த சுகர் சிறுநீரகத்தைப் பழுதாக்கும். பழுதான சிறுநீரகத்தால் பொட்டாசியத்தைச் சரிவர வெளியேற்ற முடியாது. இரத்தத்தில் அது கூடினால் இதயத்துடிப்பு தடுமாறும். சிறுநீரக நோயாளி ஒருவருக்கு நோனியைக் குடித்து இவ்வாறு நேர்ந்ததை மருத்துவ இதழ் ஒன்று 2000 இலேயே பதிவு செய்தது. சுகர் மாத்திரையை அரசே 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு தேடி இலவசமாகக் கொடுக்கிறது. அதை நிறுத்தாமல் இருங்கள். பாட்டில் ஏற்கெனவே வாங்கியாயிற்று என்றால், மூடியைத் திறக்குமுன் அரசு மருத்துவமனையில் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் சோதனையை ஒருமுறை பார்த்துவிடுங்கள். மருமகனிடம் மருத்துவர் வேண்டாம் என்றுவிட்டார் எனச் சொல்லிக்கொள்ளலாம்.