ஒற்றைச் சக்கரவர்த்தி

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்தரை மணிக்கு யாரும் எழுப்பாமலே ஓர் இருபது வயதுப் பையன் எழுந்து குளிக்கிறான் என்றால் இரண்டே காரணங்கள்தான். சபரிமலைக்கு மாலை போட்டிருக்க வேண்டும். அல்லது வீலிங் பழகிக்கொண்டிருக்க வேண்டும். முன்னவருக்கு மாலை முதலிலேயே விழுந்துவிடுகிறது. பின்னவருக்குக் கொஞ்சம் தாமதமாகும், அதுவும் பெரும்பாலும் போட்டோவுக்கு.

நம்முடைய சக்கரவர்த்தி சென்னைப் புறநகர்வாசி. வாகனம் யமஹா ஆர்15. வண்டி அவர் பெயரில், கடன் அப்பா பெயரில். வாங்கும்போது சொன்ன காரணம், "காலேஜ் பஸ்ல நிக்கக்கூட இடமில்லப்பா." வந்த வாரமே சேலை கார்டு கழன்றது, வீட்டில் அம்மா ஒருவர்தான் சேலை கட்டுகிறார், அவரும் இந்த வண்டியில் ஏறமாட்டேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். அடுத்து இரண்டு கண்ணாடிகளும் போயின. நம்பர் பிளேட் வானத்தைப் பார்த்து மடங்கியது. புதுப்பேட்டையில் வாங்கிய சைலன்சர் அவர் தெரு முனைக்கு வருவதற்குள் தெருவையே எழுப்பிவிடும்.

வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலையின் சர்வீஸ் ரோடுதான் பள்ளிக்கூடம். ஆசிரியர், கைப்பேசி. சகமாணவன், அந்தக் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் நண்பன். பாடம் கேட்பதற்குச் சுலபமானது. ஆர்15 வெறும் 155 சிசி. ஆக்சிலேட்டரை முறுக்கினால் மட்டும் முன்சக்கரம் எழுந்துவிடாது. முதல் கியரில் மெதுவாகப் போய், கிளட்சை ஒரு விரலால் இழுத்து, எஞ்சினை அலறவிட்டு, சட்டென்று விட வேண்டும். வண்டி முன்னே பாயும், பாரம் பின்னே போகும், முன்சக்கரம் கிளம்பும். பெரிய வண்டிகள் சிலவற்றில் அது கிளம்பாமல் தடுக்கவே கம்பெனிக்காரன் மின்னணுக் காவல் ஒன்று வைத்திருக்கிறான். லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கியவர் முதலில் தேடிக் கண்டுபிடிப்பது அதை அணைக்கும் வழியை.

சரி, சக்கரம் கிளம்பிவிட்டது. இனி ஹேண்டில்பாரைத் திருப்பிப் பயனில்லை, முன் பிரேக் அலங்காரப் பொருள், ஹெட்லைட் நட்சத்திரங்களுக்கு வழிகாட்டிக்கொண்டிருக்கும். இன்னும் கொஞ்சம் எழும்பினால் 'பேலன்ஸ் பாயிண்ட்' வரும். அதைத் தாண்டினால் வண்டி பின்பக்கமாக மல்லாந்துவிடும். அந்த நேரத்தில் மனிதனைக் காப்பாற்றக்கூடிய ஒரே பொருள் வலது காலுக்கடியில் இருக்கிறது. பின் பிரேக்கை லேசாக ஒரு மிதி மிதித்தால் முன்சக்கரம் தரைக்கு வந்துவிடும். முறையாகப் பழகியவர்களைக் கேட்டுப் பாருங்கள், தூக்குவதற்கு முன்னால் இறக்கத்தான் கற்றுக்கொண்டோம் என்பார்கள். ஆனால் ரீல்ஸ் வீடியோவில் கை தெரியும், முகம் தெரியும், பறக்கும் முடி தெரியும்; வலது கால் தெரியாது. ஆகவே நம் சக்கரவர்த்தியின் சிலபஸில் அது கிடையாது. ஆபத்து நேரத்தில் அவருடைய வலது கால் தரையைத் தேடிக்கொண்டு அந்தரத்தில் தொங்கும். அதில் ரப்பர் செருப்பு வேறு.

முதல் வெற்றி ஒருநாள் வந்தது. முன்சக்கரம் ஒரு சாண் எழுந்து, முக்கால் விநாடி யோசித்து, தொப்பென்று இறங்கியது.

"மாப்ள, வந்துச்சா?"

"செம்மையா வந்துச்சு மாப்ள! ஆனா ரெக்கார்டு அமுக்கல."

வீடியோ இல்லையென்றால் வீலிங் நடக்கவில்லை என்று அர்த்தம். மறுபடி முதலிலிருந்து. கடைசியில் பதிவான ஒரு சாண், ஸ்லோமோஷனும் பின்னணி இசையும் சேர்ந்து சாயங்காலத்துக்குள் நாலடியாக வளர்ந்தது.

இவ்வளவு ஆசை இருக்கிறதே, ஹெல்மெட், கவசமெல்லாம் போட்டுக்கொண்டு, தெரிந்த ஒருவரை வைத்து, ஆளில்லாத மைதானத்தில் பழகலாமே என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தேன். வித்தை என்ற அளவில் எனக்கு அதன்மேல் மரியாதை உண்டு. அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஆளில்லாத இடத்துல யார் அங்கிள் பாப்பாங்க?" சாலையில் மட்டும் யார் பார்த்தார்கள்? பால் பாக்கெட் போடுகிறவர், வாக்கிங் போகும் இரண்டு சர்க்கரை நோயாளிகள். பஸ் ஸ்டாப்பில் நின்ற பெண்ணுக்காகத்தான் அன்று இரண்டாவது தடவை தூக்கினார். அவள் போனில் பஸ் எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

சட்டமும் பார்க்கும் என்பது அவருக்குத் தெரியும். 2022-ல் தேனாம்பேட்டைப் பக்கம் வீலிங் விட்ட ஓர் இளைஞரைத் தேனாம்பேட்டை சிக்னலிலேயே நின்று விழிப்புணர்வுத் துண்டறிக்கை கொடுக்கச் சொன்னது உயர்நீதிமன்றம். ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனையில் வார்டு பாய் வேலைக்கும் அனுப்பியது. 2023 செப்டம்பரில் காஞ்சிபுரம் அருகே நெடுஞ்சாலையில் ஹயபுசா பைக்கைத் தூக்கப்போய் விழுந்த பிரபல யூடியூபருக்குக் கை முறிந்தது, சிறைவாசம் கிடைத்தது, லைசென்ஸ் பத்து வருஷத்துக்கு ரத்தானது. இதையெல்லாம் நான் விலாவாரியாகச் சொல்லி முடித்ததும் சக்கரவர்த்தி கேட்டார்: "அங்கிள், அந்த ஹயபுசா இப்ப செகண்ட்ஸ்ல என்ன விலைக்குப் போகும்?"

மெக்கானிக் அண்ணனுக்கு எல்லாம் தெரியும். வண்டி தொப்பு தொப்பென்று விழுந்ததில் கோன் செட் போய், ஃபோர்க்கில் ஆயில் கசிந்து, கிளட்ச் பிளேட் கருகி வந்திருப்பதைப் பார்ப்பார். "ஸ்பீடு பிரேக்கர்ணே" என்பார் இவர். அண்ணன் ஒன்றும் கேட்காமல் பில் எழுதுவார். இப்படி நாலு ஸ்பீடு பிரேக்கர் இருந்தால் அவர் மகளின் ஸ்கூல் ஃபீஸ் கட்டிவிடலாம்.

பிறகு ஒரு ஞாயிறு, எதிர்பார்த்தது நடந்தது. வண்டி நட்டுக்குத்தலாக நின்று, இவரை உட்கார்ந்த நிலையிலேயே தார்ச்சாலையில் இறக்கிவிட்டு, தான் மட்டும் கொஞ்ச தூரம் போய்ப் படுத்தது. உயிருக்கு ஒன்றுமில்லை, உட்காருவதுதான் சில வாரங்களுக்குச் சிரமமாக இருந்தது. வீட்டில், "நாய் குறுக்க வந்துச்சும்மா." தமிழ்நாட்டுத் தெருநாய்கள் சுமக்கும் பழிகளைத் தனிப் புத்தகமாகவே போடலாம். அப்பா எழுந்து போய் வண்டியைச் சுற்றி வந்தார். முன்பக்கம் ஒரு கீறல்கூட இல்லை. பின்விளக்கு நொறுங்கி, மட்கார்டு தேய்ந்து கிடந்தது.

"நாய் பின்னாலேருந்தா வந்துச்சு?"

வண்டியை விற்றுவிடுவது என்று முடிவானது. 'ஒரே ஓனர், காலேஜுக்கு மட்டும் ஓட்டியது' என்று விளம்பரம் போட்டார்கள். வாங்க வந்தவனுக்கு மீசை இப்போதுதான் எட்டிப் பார்க்கிறது. எஞ்சினைக் கேட்கவில்லை, மைலேஜ் கேட்கவில்லை. நேராகப் பின்னால் போய்க் குனிந்து, தேய்ந்த மட்கார்டைத் தடவிப் பார்த்தான். முகம் மலர்ந்தது.

"ப்ரோ, இது வீலிங் விட்ட வண்டியா?"

சக்கரவர்த்தி அப்பாவை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு தலையாட்டினார். பையன் அதற்குமேல் பேரம் பேசவில்லை.